மூச்சுத் துளை

“தொடாமலே அதுக்கு எப்படித் தெரியும் நானா?”

சிந்துஜா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. ஹேவாஹெட்டவுக்கு மேலே, தேயிலை மலைகளுக்கிடையில் இறங்கிவரும் ஓடையொன்றை மறித்துக் கட்டிய சின்ன அணைக்கட்டு அது. அணையின் ஓரத்துச் சீமெந்து மேடையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். ரிஸ்மி அணைக் கதவின் அச்சில் தான் செய்த கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தான். அணையைக் காவல் காக்கும் அழகையாவின் மகள் அவள். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் அப்பா அவனை நானா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்படியே கூப்பிட்டாள்.

ரிஸ்மிக்குக் கண்டியில் தராசு திருத்தும் கடை. மின்தராசுகள் வந்த பிறகு அவற்றின் வயிற்றைத் திறந்து திறந்து பழகி, கடைசியில் இந்தமாதிரிக் கருவிகளைத் தானே செய்யவும் கற்றுக்கொண்டான். கருவிக்குள்ளே இரண்டு அரைவட்டத் தகடுகள் இருந்தன. ஒன்று சுவரோடு அசையாமல் நிற்கும். மற்றது கதவின் அச்சோடு சேர்ந்து சுழலும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவில் நகத்தின் கனத்துக்கு ஓர் இடைவெளி. ஒரு தகடு மற்றதை எவ்வளவு மறைக்கிறதோ அவ்வளவுக்கு மின்சாரம் அவற்றுக்கிடையில் தங்கும். கதவு மூடியிருக்கையில் முழுதாக மறைக்கும், திறக்கத் திறக்க விலகும். தங்கியதை அளந்தால் கதவு எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ரிஸ்மி அவளைக் கண்ணை மூடச் சொன்னான். தன் உள்ளங்கையை அவள் கன்னத்துக்கு அருகே, படாமல் கொண்டுபோனான்.

“தெரியுதா?”

“தெரியுது. சூடா இருக்கு.”

“நான் தொட்டனா?”

“இல்ல.”

“அப்படித்தான் அதுக்கும்.”

அவள் கண்ணைத் திறந்து கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “அது பொய் சொல்லாதா?” என்று கேட்டாள். ரிஸ்மி சிரித்துவிட்டான். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது மகள் என்றான்.

கதவு என்றால் வீட்டுக் கதவு போன்றதல்ல. வளைந்த இரும்புப் பலகை. மழை பெய்து அணையில் தண்ணீர் உயர்ந்தால், மிதவையொன்று எழுந்து மோட்டாரை ஓடவைக்கும். மோட்டார் சங்கிலியை இழுக்க, கதவு தன் அச்சில் சுழன்று மேலெழும். அதன் அடியால் தண்ணீர் ஓடைக்குள் பாயும். மற்ற நாட்களில் தண்ணீரெல்லாம் குழாய் வழியே மின்நிலையத்துக்குப் போய்விடுவதால், அணைக்குக் கீழே ஓடை வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்கும். சற்றுக் கீழே ஒரு மடு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் நூலாக வரும் நாட்களில் பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் அங்கேதான் போவார்கள்.

அதனால்தான் கருவி. கதவு இரண்டு பாகை திறந்ததும் மோட்டார் நின்றுவிடும். ஆலைச் சங்குபோல் பெரிய மின்சங்கு ஊதும். மடுவில் இருப்பவர்கள் கரையேறிப் போகப் போதுமான நேரம் கழித்துத்தான் கதவு மேலும் திறக்கும். வேலை முடிந்த அன்று ரிஸ்மியே லயத்துப் பெண்களைக் கூட்டிச் சங்கை ஊதிக் காட்டினான். இந்தச் சத்தம் வராமல் மேலேயிருந்து தண்ணீர் வராது என்று சொன்னான். அதற்கு முந்திய வருஷங்களில் மடுவுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் மேட்டில் காவல் நின்று அணையைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். அன்றோடு அந்தக் காவல் நின்றுபோனது.

அந்த வேலை நாட்களில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு பிற்பகல் ரிஸ்மி மேடையிலேயே அஸர் என்னும் பிற்பகல் தொழுகையைத் தொழுதான். நெற்றி நிலம்பட சுஜூதில் இருந்தபோது தூறல் விழும் சத்தம் கேட்டது. நனைந்துவிடுவோம் என்று நினைத்தபடியே தொழுகையைத் தொடர்ந்தான். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பிப் பார்த்தபோது மேடை முழுவதும் ஈரமாக இருந்தது. அவன் தொழுத இடம் மட்டும் காய்ந்திருந்தது. பின்னால் யாரும் இல்லை. காவலறைச் சுவரின் ஆணியில் அழகையாவின் கறுப்புக் குடை சொட்டுச் சொட்டாய் வடிந்துகொண்டு தொங்கியது. அழகையா தூரத்தில், ஒன்றும் நடக்காததுபோல் சருகு வாரிக்கொண்டிருந்தார். அதைப்பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நன்றி சொன்னால் அந்த மனிதரின் மௌனத்தைக் கெடுத்ததாகிவிடும் என்று ரிஸ்மியும் சொல்லவில்லை. சொல்லாத நன்றி மூன்று வருஷமாக அவனுக்குள்ளேயே கிடந்தது.

இனி அந்த ஐப்பசி நாளுக்கு வருவோம்.

விஜயதசமி. தலாத்துஓயாவில் ஒரு இரும்புக் கடையின் தராசைத் திருத்திவிட்டு, கடைக்காரர் கொடுத்த பால் சேர்க்காத பிளேன்டியைக் குடித்தபடி ரிஸ்மி தன் கைபேசியைப் பார்த்தான். அணைக் கதவின் பாகையை அது எந்நேரமும் காட்டும். 0.0 என்றிருந்தது. கதவு மூடியிருக்கிறது. அவன் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு ஏனோ மறுபடி எடுத்தான். 0.0.

மூடிய கதவு ஒருநாளும் அசையாமல் இருக்காது. பின்னாலிருந்து தண்ணீர் அழுத்தும், காற்று தள்ளும். கடைசி இலக்கம் 0.1, 0.2 என்று எந்நேரமும் துடித்துக்கொண்டே இருக்கும். மூன்று வருஷமாக, தூங்கும் பிள்ளையின் நெஞ்சைப் பார்ப்பதுபோல் ரிஸ்மி அந்தத் துடிப்பைப் பார்த்து வந்தான். இப்போது அது நின்றிருந்தது.

பூச்சியத்துக்குக் கீழே எது வந்தாலும் பூச்சியம் என்றே காட்டு என்று கருவிக்குக் கட்டளை எழுதியவன் அவனே. பூச்சியத்துக்கும் குறைவான பாகையைப் பார்த்து யாரும் குழம்பக்கூடாதென்று செய்த வேலை. அப்படியானால் கருவி இப்போது பூச்சியத்துக்கும் கீழே எங்கேயோ கிடக்கிறது. தகடுகளுக்கிடையில் இருக்கக்கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது. தண்ணீராகத்தான் இருக்கும். காற்றிருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தால் தகடுகள் பலமடங்கு மின்சாரத்தைப் பிடித்துவைக்கும். அப்போது கதவு திறந்தாலும் கருவிக்கு அது மூடியதாகவே தோன்றும். இரண்டு பாகை வராது, சங்கு ஊதாது. இன்னும் திறக்கவில்லையே என்று மோட்டார் கதவை முழுசாகத் தூக்கிவிடும்.

ரிஸ்மி கடை வாசலுக்கு வந்து மேற்கிலும் தெற்கிலும் பார்த்தான். தலாத்துஓயாவில் நல்ல வெயில். ஹேவாஹெட்டப் பக்கத்து மலைகளின் தலை மட்டும் கரியைக் கரைத்து ஊற்றியதுபோல் இருண்டிருந்தது.

அழகையாவின் கைபேசி மணியடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தான், மறுபடியும் ஓய்ந்தது. கண்டியில், மின்நிலையத்தை நடத்தும் கம்பெனியின் அலுவலகத்தில் இருக்கும் சுதேஷுக்கு எடுத்தான். இளம் பொறியியலாளர், நல்ல பிள்ளை. அவர் தன் திரையைப் பார்த்துவிட்டு, ஸீரோ காட்டுதே நானா, கதவு மூடித்தானே இருக்கு, ஏன் பதறுறீங்க என்றார். அது ஸீரோ காட்டுவதுதான் பயம் என்று ரிஸ்மி விளக்கினான். அவருக்கு விளங்கியதும் குரல் மாறியது. ஆனால் கண்டியிலிருந்து மோட்டாரை நிறுத்த வழியில்லை. காவலறைக்குள் போய்க் கையால்தான் நிறுத்த வேண்டும். சாவி அழகையாவிடம். மின்நிலையத்து ஆட்களும் பூசைக்கு லீவில் போய்விட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் யாருக்காவது அழைத்துப் பார்ப்பதாகச் சுதேஷ் சொன்னார். ரிஸ்மி கைபேசியை வண்டியில் தொங்கிய கருவிப் பைக்குள் போட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான்.

அந்தப் பாதையில் அவன் எத்தனையோ முறை போயிருக்கிறான். அன்று ஒவ்வொரு வளைவும் வேண்டுமென்றே நீண்டது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஓரம்கட்டி நின்றபோதும் வண்டியை உறுமவிட்டபடியே நின்றான். ஒரு வளைவில் பாதையோரக் கோயிலிலிருந்து வடைவாசமும் மேளச் சத்தமும் வந்தன. அப்போதுதான் அவனுக்கு அந்த நினைப்பு வந்தது. இன்றைக்கு லயத்தில் எல்லோரும் தலைக்குக் குளிப்பார்கள். மாலைப் பூசைக்கு முன் ஒருவர் விடாமல் குளிப்பார்கள். பீலித் தண்ணீர் அத்தனை பேருக்குப் போதாது.

மடு நிறையப் பெண்களும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதற்கு மேல் ஒரு சொல் வாயில் வரவில்லை. என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. நான் போய்ச் சேரும்வரை அந்த மிதவையை எழும்ப விடாதே என்று கேட்டான். அது போதும், வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டான்.

தோட்டத்துக்குள் திரும்பிய கடைசி வளைவில் அணை தெரிந்தது. அவன் வண்டியை நிறுத்தினான். எப்போதும் கரும்பச்சையாய் இருக்கும் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி, மிதவை மோட்டாரை ஓடவைக்கும் மட்டத்தைக் காட்டச் சுவரில் அவனே பூசிய சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. மேலே மலையில் எங்கேயோ இடி உருண்டது.

அங்கேயிருந்து பாதை இரண்டாகப் பிரியும். மேலே போனால் காவலறை, கீழே போனால் மடு. அழகையா பெரும்பாலும் கோயிலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருப்பார், கைபேசியைக் காவலறையில் வைத்துவிட்டுப் போயிருப்பார். இரும்புக் கதவு பூட்டியிருக்கும். மேலே போய் அதை உடைக்க முடிந்தால் எல்லோரும் பிழைப்பார்கள். உடைக்க முடியாவிட்டால், உடைத்துக்கொண்டிருக்கும் சத்தத்துக்குள்ளேயே கீழே எல்லாம் முடிந்துவிடும். ஒரு ஆள் இரண்டு பக்கமும் போக முடியாது. சுற்றிலும் தேயிலையும் காற்றும்தான். கூப்பிட்டால் கேட்க ஒரு மனிதர் இல்லை.

அவன் கீழே ஓடினான்.

பெண்கள் குளிக்கும் இடத்துக்கு ரிஸ்மி தன் வாழ்நாளில் போனதில்லை. பாறை திரும்பும் இடத்தில் சிரிப்பும் துணி அடிக்கும் சத்தமும் கேட்டபோது, அத்தனை பயத்துக்கு நடுவிலும் அவன் கால் ஒரு கணம் தயங்கியது. பிறகு பாறையைச் சுற்றி வந்து, மடுவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தேயிலைச் செடிகளைப் பார்த்துக் கத்தினான்.

“எல்லாரும் மேல ஏறுங்க. கெதியா ஏறுங்க. தண்ணி வரப் போகுது.”

துணி அடிக்கும் சத்தம் நின்றது. யாரோ ஒரு பெண் தண்ணீருக்குள் அமிழும் சத்தம். பிறகு ஒரு கிழக்குரல் எழுந்தது. அழகையாவின் அக்காள் அவள். லயம் முழுக்க அவளைப் பெரியத்தை என்றுதான் கூப்பிடுவார்கள்.

“யாருய்யா அது? பொம்பளைங்க குளிக்கிற எடத்துல ஆம்பளைக்கு என்னா வேல?”

“கதவு பாக்க வர்ற நானா, அத்தை” என்றாள் ஒருத்தி.

“முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறதப் பாரு, புதுப்பொண்ணு மாதிரி.”

எல்லோரும் சிரித்தார்கள். ரிஸ்மி மறுபடியும் சொன்னான். கதவு திறக்கப் போகிறது, சாமான்களை விட்டுவிட்டு ஏறுங்கள் என்று கெஞ்சினான்.

“சங்கு ஊதலையே நானா” என்றாள் பெரியத்தை. கேலியாக அல்ல, உண்மையான சந்தேகத்தோடுதான் கேட்டாள். “நீங்கதானே எங்களை நிக்க வெச்சு ஊதிக் காட்டுனீங்க. இது ஊதாம ஒரு சொட்டும் வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

ரிஸ்மி சொன்ன சொல்லே அவர்களைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்திருந்தது. தகடு, மின்சாரம், ஈரம், பூச்சியத்துக்குக் கீழே என்று என்னென்னவோ நெஞ்சுக்குள் முட்டியது. அதில் ஒன்றுகூட இந்த நேரத்தில் சொல்லக்கூடியதாக இல்லை.

அப்போது ஒரு சின்னக் குரல் கேட்டது.

“நானா, அதுக்குத் தெரியலையா?”

எட்டு வயதுச் சிந்துஜாவின் குரல். மடுவின் நடுப்பக்கத்திலிருந்து வந்தது.

“தெரியல்ல மகள்” என்றான் ரிஸ்மி. “இன்டைக்கு அதுக்குத் தெரியல்ல. நான் சொன்னது பிழை.”

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கால்கள் நகரும் சத்தம் கேட்டது. அவள் மட்டும் ஏறுகிறாள் என்று அவன் ஊகித்தான். அம்மா வா, அம்மா வா என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள்.

பிறகு அவள் தாய் சந்திரிகா சொன்னாள்: “அத்தை, அவரு கையப் பாருங்க.”

அவன் தன் கையைப் பார்த்தான். இரண்டு கைகளும், விரல் நுனிவரை, காற்றில் இலை ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தன. அவன் அறியவே இல்லை. நிறுத்த முயன்றும் நிற்கவில்லை.

அந்தக் கைதான் அவர்களை ஏற்றியது. வேறெந்த வார்த்தையும் இல்லாமல் மடு கலைந்தது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கும் சத்தம், தகரப் பேசின் கல்லில் மோதும் சத்தம், ஈரப் பாவாடைகளின் சரசரப்பு. பக்கத்தால் பெண்கள் ஓடி ஏறினார்கள். ரிஸ்மி கண்ணைத் தரையில் ஊன்றி, கடந்து போகும் பாதங்களையே பார்த்தான். சின்னப் பாதங்கள், வெடித்த பாதங்கள், வெள்ளிக் கொலுசு போட்ட பாதங்கள்.

“எல்லாரும் வந்துட்டீங்களா?”

“அத்தை எங்க?” என்று சந்திரிகா கேட்டாள்.

ரிஸ்மி திரும்பிப் பார்த்தான். பெரியத்தை உடுத்த சேலையோடு, மறுபடியும் மடுவின் நடுக் கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கோயில் பூசைக்கென்று அவள் புளிபோட்டுத் துலக்கி வைத்த பித்தளைச் செம்பு அந்தக் கல்லின் மேல் மினுங்கியது. அவளைச் சுற்றித் தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு செம்மண் கீற்று. பிறகு சருகுகள், நுரை. அணைப்பக்கமிருந்து லொறியொன்று கல் கொட்டுவதுபோல் ஓர் ஓசை கிளம்பி, நிற்காமல் பெருகியது.

சங்கு ஊதவில்லை.

அவன் சப்பாத்தோடு தண்ணீருக்குள் குதித்தான். அந்நியப் பெண்ணைத் தொடுவதற்கு எத்தனையோ தரம் யோசிக்கும் மனிதன் அவன். எட்டிப் பெரியத்தையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். விடுய்யா கைய, சாமிச் செம்புய்யா என்று அவள் திமிறினாள். இடுப்பளவு இருந்த தண்ணீர் அவன் நெஞ்சுக்கு ஏறியது. காலடியில் மணல் கரைந்து ஓடியது. பிடியை மட்டும் அவன் விடவில்லை. மேட்டிலிருந்து சந்திரிகா ஒரு சேலையை முறுக்கி வீசினாள். அதைப் பிடித்தானா, அவர்களே அவனைப் பிடித்தார்களா என்பது பிறகு அவனுக்கு நினைவில்லை. கரையில் முழங்காலும் கையுமாக விழுந்து இருமியபோது, பின்னால் மடு என்று ஒன்று இல்லை. கரை முட்டச் செந்தண்ணீர் உருண்டு போனது. துவைகல்லும் பேசின்களும் பித்தளைச் செம்பும் இருந்த இடம் தெரியவில்லை.

யாரும் அழவில்லை. பிள்ளைகள்கூட அழவில்லை. ஈரத் துணியோடு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியத்தை தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். சிந்துஜா மட்டும் ரிஸ்மியின் பக்கத்தில் வந்து நின்று, அவன் நனைந்த சட்டையின் ஓரத்தை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டாள்.

வண்டியிலிருந்த கருவிப் பையை எடுத்துக்கொண்டு ரிஸ்மி காவலறைக்கு ஏறிப்போனபோது கதவு திறந்திருந்தது. தண்ணீரின் ஓசை கோயில்வரை கேட்டிருக்கிறது. மேளம் நின்றதும் விளங்கிக்கொண்ட அழகையா மேட்டுப் பாதையால் ஓடிவந்து, மோட்டாரை நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கதவை இறக்கியிருந்தார். இப்போது தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பட்டை விபூதி வியர்வையில் கரைந்து இமைமேல் வடிந்திருந்தது. அவனைப் பார்த்ததும் எழ முயன்றார், முடியவில்லை.

“புள்ளைங்க?” என்றார்.

“எல்லாரும் மேல ஈக்கிறாங்க. ஒத்தருக்கும் ஒன்டுமில்ல. சிந்துஜா நல்லா ஈக்கிறா. நீங்க போங்க அண்ணே. போய்ப் பாருங்க. இங்க நான் பாத்துக்கொள்றேன்.”

அழகையா அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தேயிலைக்குள் இறங்கி ஓடினார். அவர் காலடிச் சத்தம் மறைந்தது.

மேடையில் ரிஸ்மி தனியாக நின்றான். நேற்று ஆயுத பூசை நடந்திருக்கிறது. காவலறையே கழுவித் துடைத்துப் பளபளத்தது. மோட்டாருக்கு மாலை. கைப்பிடிக்குச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். பூட்டுக்கு ஒரு பொட்டு, பியூஸ் பெட்டிக்கு ஒரு பொட்டு, சங்கின் வாய்க்கு ஒரு பொட்டு. அழகையா எதையும் மறக்கவில்லை. தனக்குச் சோறு போடும் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் தன் விரலால் மரியாதை செய்திருந்தார்.

அச்சின் முனையில் ரிஸ்மியின் கருவியும் அப்படியே இருந்தது. அதன் வெள்ளை மூடியின் மேல்பாதியில், நடுவில், நெற்றிபோல் இருந்த இடத்தில், கெட்டியாய் ஒரு சந்தனப் பொட்டு. பொட்டின் மேல் குங்குமம்.

அந்த இடத்தில்தான் மூடிக்கு மூச்சுத் துளை இருந்தது. உள்ளே சேரும் ஈரம் வெளியேற ஊசி நுனியளவில் அவன் வைத்த துளை. மேல்பக்கம் வைத்தால் காற்று நன்றாக வரும் என்று நினைத்தான். அது எதற்கென்று யாருக்கும் சொன்னதில்லை. பூசைக்குக் கழுவியபோது தண்ணீர் அதன் வழியே உள்ளே போயிருக்கிறது. பிறகு சந்தனம் வாயை அடைத்துவிட்டது. இரவு மூடுபனியும் காலை வெயிலுமாகச் சேர்ந்து உள்ளே தகடுகளை வேர்க்க வைத்திருக்கின்றன. மூடியைக் கழற்றியபோது துளித்துளியாய் நீர் மின்னியது.

இது அழகையாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவன் நினைத்துப் பார்த்தான். வேலை போகுமா போகாதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தன் விரலால் வைத்த பொட்டு தன் பிள்ளையை மடுவுக்குள் கொல்லப் பார்த்தது என்று அறிந்தபின், அந்த மனிதர் இனி எந்தச் சாமிக்கு முன்னால் கை நடுங்காமல் சந்தனம் எடுப்பார்?

சுதேஷ் அழைத்தார். எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று கேட்டதும் மறுமுனையில் அவர் மூச்சை விடுவது கேட்டது. காரணம் என்னவென்று கேட்டார். மூச்சுத் துளை அடைபட்டு உள்ளே தண்ணீர் நின்றுவிட்டது, துளையை நான் வைத்த இடமே பிழை, அது எதற்கென்று ஒருவருக்கும் சொல்லாததும் என் பிழை என்றான் ரிஸ்மி. இன்றைக்கே மாற்றிவிடுவதாகவும், இனிமேல் அளவு பூச்சியத்துக்குக் கீழே போனால் மோட்டார் அசையாமல் சங்கு ஊதும்படி கட்டளையைத் திருத்துவதாகவும் சொன்னான். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. துளையை எது அடைத்தது என்று சுதேஷ் கேட்கவில்லை.

தூறல் தொடங்கியது. தகடுகள் திறந்து கிடந்தன. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரின் அதே ஆணியில் அதே கறுப்புக் குடை தொங்கியது. அதை விரித்து மேடையோரக் கம்பியில் செருகி, கருவிக்கு மேலே நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினான்.

பைக்குள் பொலித்தீனில் சுற்றிவைத்திருந்த துணியை எடுத்துத் தகடுகளை ஒற்றித் துடைத்தான். ஈரம் போனதும் கைபேசியில் இலக்கம் பூச்சியத்தை விட்டு எழுந்து, 0.2 என்று துடித்து, 0.1 என்று தணிந்து, மறுபடி துடித்தது. அதைப் பார்த்தபோதுதான் அவன் கை நடுக்கம் நின்றது.

பிறகு மூடியை எடுத்தான். பொட்டைச் சுரண்டிவிட்டுப் பழைய துளையைத் திறப்பது ஒரு நிமிட வேலை. அவன் அதைச் செய்யவில்லை. மூடியைக் கவிழ்த்து, உட்பக்கமிருந்து பழைய துளைக்குள் பசையை அழுத்தி, ஒரு சொட்டு ஈரமும் புகாதபடி நிரந்தரமாக அடைத்தான். மூடியின் அடிவிளிம்பில், எந்த விரலும் எந்த நீரும் போகாத இடத்தில், கைத்துளைப்பானால் புதிய துளையொன்று போட்டு, அதில் கீழ்நோக்கி வளைந்த சின்னக் குழாயைப் பொருத்தினான். வாயால் ஊதிப் பார்த்தான். காற்று தடையின்றிப் போய்வந்தது. அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும், அழகையா எவ்வளவு கெட்டியாக வேண்டுமானாலும் பொட்டு வைக்கலாம்.

கீழே, தேயிலைக்கு அப்பால், பெண்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. மேட்டுப் பாதையில் யாரும் வரவில்லை. ரிஸ்மி மூடியை இரண்டு ஓரங்களிலும் பிடித்து, சந்தனத்தில் தன் விரல் படாமல், பொட்டு முன்புபோல் நெற்றியிலேயே நிற்கும்படி திருப்பிவைத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். பிறகு குடையை உதறி மடக்கி, அதே ஆணியில் மாட்டினான்.